செலவில்லாச் சிறுவர் விளையாட்டுகள்

செலவில்லாச் சிறுவர் விளையாட்டுகள் என்பவை விலைக்கு வாங்கிய கருவிகளோ, கட்டணப் பயிற்சியோ, தனி மைதானமோ இன்றி, கல், குச்சி, விதை, ஓலை, உடைந்த ஓடு போன்று கைக்குக் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு சிறுவர்கள் ஆடும் ஆட்டங்கள் ஆகும். தமிழ்நாட்டிலும் இலங்கையின் தமிழ்ப் பகுதிகளிலும் வழங்கும் பாண்டி, கிளித்தட்டு, கிட்டிப்புள், பல்லாங்குழி, கல்லாங்காய், ஆடுபுலி ஆட்டம் முதலியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றைப் பழம்பெருமையின் அடையாளமாக மட்டும் பேசுவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் பள்ளி விட்டு வரும் குழந்தையை மாலை முழுதும் கைப்பேசியின் முன் உட்காராமல் வைத்திருக்க விரும்பும் குடும்பத்துக்கு இவை இன்றும் நேரடியாகப் பயன்படக்கூடியவை. இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. ஆனால் இடம், நேரம், கூட்டாளி ஆகிய மூன்றும் வேண்டும். இவ்விளையாட்டுகள் அருகி வருவதற்குப் பிள்ளைகளின் ஆர்வக் குறைவைவிட இம்மூன்றும் சுருங்கியதே பெரிய காரணம்.

உடலியக்கத்தின் தேவை

உலக சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும். அதே அமைப்பு 2019இல் வெளியிட்ட பரிந்துரையில், 1 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு நாள் முழுவதிலுமாகச் சேர்த்து 180 நிமிட இயக்கம் கூறப்பட்டுள்ளது. 2 முதல் 4 வயது வரையுள்ளவர்கள் உட்கார்ந்தபடி திரையைப் பார்க்கும் நேரம் ஒரு மணிக்கு மேற்படக் கூடாது என்றும் அது கூறுகிறது.

உலக நிலை இதற்கு வெகு தொலைவில் உள்ளது. 2016ஆம் ஆண்டு வரையிலான தரவுகளைக் கொண்டு 146 நாடுகளில் செய்யப்பட்ட மதிப்பீட்டில், 11 முதல் 17 வயது வரையுள்ள பள்ளி மாணவர்களில் 81 விழுக்காட்டினர் போதிய உடலியக்கம் இல்லாதவர்களாக இருந்தனர். ஆண் பிள்ளைகளில் இது 78 விழுக்காடு. பெண் பிள்ளைகளில் 85 விழுக்காடு.

இந்த 60 நிமிடமும் ஒரே மூச்சில் அமைய வேண்டியதில்லை. பள்ளி இடைவேளையில் 15 நிமிடம், மாலையில் அரை மணி, இரவு உணவுக்கு முன் மாடியில் கால் மணி என்று பிரிந்தாலும் கணக்கு ஒன்றுதான். ஆனால் எல்லா விளையாட்டும் இக்கணக்கில் சேராது. பல்லாங்குழியும் தாயமும் மனத்தை ஈடுபடுத்தும், உடலை இயக்கா. பிள்ளை கைப்பேசி பார்க்காமல் எதையோ விளையாடிக்கொண்டிருக்கிறது என்பதோடு பெற்றோர் நிறைவடைந்துவிடும்போது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

வரலாற்றுக் குறிப்புகள்

சங்க நூல்களில் சிறுவர் விளையாட்டுகள் பல குறிக்கப்பட்டுள்ளன. மணலில் வீடு கட்டும் சிற்றில், காய்களை எறிந்து பிடிக்கும் கழங்கு, பந்து, ஊஞ்சல் ஆகியவை அடிக்கடி வருவன. குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தச்சன் செய்த சிறு வண்டியைக் கையால் இழுத்து மகிழும் சிறுவர்கள் உவமையாக வருகின்றனர். அதில் ஏறிச் செல்ல முடியாவிட்டாலும் இழுப்பதிலேயே அவர்களுக்கு இன்பம் என்பது அப்பாடலின் நுட்பம். பிற்காலப் பிள்ளைத்தமிழ் நூல்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர், அம்மானை, ஊசல் என்று விளையாட்டுகளின் பெயராலேயே பருவங்களை வகுத்தன.

இருபதாம் நூற்றாண்டில் தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்து நூலாக எழுதினார். ஆண்பால், பெண்பால், இருபால் என்றும், பகலில் ஆடுபவை, இரவில் ஆடுபவை என்றும் அவர் அவற்றைப் பகுத்துள்ளார். இரவாட்டு என்று ஒரு தனி வகை இருந்ததே இன்று வியப்பாகத் தோன்றும். தெருவிளக்கு இல்லாத ஊர்களில் நிலவொளி போதுமானதாக இருந்தது. வண்டிப் போக்குவரத்து இல்லாத தெரு இருட்டிலும் அஞ்சத் தக்கதாக இல்லை.

ஓடியாடும் ஆட்டங்கள்

பாண்டி

நொண்டி, சில்லுக்கோடு என்றும் இடத்துக்கு இடம் பெயர் மாறும் இவ்வாட்டத்துக்குத் தேவையானவை ஒரு சாக்குக் கட்டி அல்லது கரித்துண்டு, உடைந்த ஓட்டுச் சில்லு ஒன்று, சுமார் இரண்டு பாய் விரிக்கும் அளவுக்குத் தரை ஆகியவை மட்டுமே. மண் தரையாக இருந்தால் குச்சியாலேயே கோடு கிழிக்கலாம்.

நீள்சதுரத்தைக் கட்டங்களாகப் பிரித்து, முதல் கட்டத்தில் சில்லை எறிய வேண்டும். பின் ஒற்றைக் காலில் நொண்டிச் சென்று, கோட்டை மிதிக்காமல் எல்லாக் கட்டங்களையும் கடந்து திரும்ப வேண்டும். அடுத்து இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் என்று சில்லு தொலைவாகிக்கொண்டே போகும். சில்லு கோட்டில் விழுந்தாலோ, கால் கோட்டைத் தொட்டாலோ, தூக்கிய கால் தரையில் ஊன்றினாலோ ஆட்டம் அடுத்தவருக்குப் போகும். எல்லாக் கட்டங்களையும் முடித்தவர் திரும்பி நின்று தலைக்கு மேலாகச் சில்லை எறிவார். அது விழும் கட்டம் அவருடைய பழம் ஆகும். அங்கே அவர் இரு கால்களையும் ஊன்றி இளைப்பாறலாம். மற்றவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒருவருக்குப் பழங்கள் கூடக் கூட மற்றவருக்குத் தாண்டல் நீளும்.

நொண்டி ஆடுவது கடுமையான உடலியக்கம். கால் தசைகளும் எலும்புகளும் உறுதிப்படும். உடல் சமநிலை தேறும். அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியிலும், வாகனம் நிறுத்தும் தளத்தின் காலியான மூலையிலும் இதை ஆட முடியும் என்பது இன்றைய நிலையில் இதன் பெரிய வசதி. கீழ்வீட்டுக்காரரின் தலைக்கு மேல் ஆடாமல் இருப்பது மட்டும் நல்லது.

கிளித்தட்டு

கூட்டமாக ஆடுவதில் இதற்கு ஈடானது குறைவு. இலங்கையில் தாச்சி என்ற பெயரும் உண்டு. நீண்ட தளத்தின் நடுவே நெடுக்காக ஒரு கோடும், குறுக்காகப் பல கோடுகளும் போடப்படும். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் காக்கும் அணியின் ஒருவர் நிற்பார். அவர் தம் கோட்டை விட்டு விலகக் கூடாது. கிளி எனப்படுபவர் மட்டும் நடுக்கோட்டிலும் ஓடலாம். எதிரணியினர் யார் கையிலும் படாமல் எல்லாக் கோடுகளையும் கடந்து மறுமுனைக்குச் சென்று திரும்ப வேண்டும். கோடு போடச் சாம்பலோ சுண்ணாம்போ போதும்; பந்து, மட்டை, வலை எதுவும் இல்லை. பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஓடுவார்கள். கிரிக்கெட்டில் ஒருவர் மட்டை பிடிக்க மற்றவர் பலர் நின்றுகொண்டே இருப்பதுடன் இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பிற ஆட்டங்கள்

ஏழு கற்களை அடுக்கிப் பந்தால் தகர்த்து, அடிபடாமல் மீண்டும் அடுக்கும் ஏழுகல், கண்ணாமூச்சி, கல்லா மண்ணா, பச்சைக்குதிரை, பம்பரம், கோலி ஆகியவையும் பரவலானவை. முழங்கை அளவுக் கிட்டியால் இருமுனையும் சீவிய சிறு புள்ளை எழுப்பி அடிக்கும் கிட்டிப்புள்ளுக்கு மட்டும் திறந்த வெளி கட்டாயம் வேண்டும்.

உட்கார்ந்து ஆடுபவை

வெயிலும் மழையும் வெளியே விடாத நேரத்துக்கு இவை உரியவை. பல்லாங்குழிப் பலகை இல்லாவிட்டால் மண்ணில் குழி தோண்டியோ, தரையில் வட்டம் வரைந்தோ ஆடலாம். பக்கத்துக்கு ஏழாக 14 குழிகள். பரவலான ஒரு முறையில் குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டைகள். ஒரு குழியின் காய்களை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுச் செல்ல வேண்டும். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியிலிருந்து அள்ளித் தொடரலாம். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதற்கு அப்பாலுள்ள குழியின் காய்கள் ஆடுபவருக்குச் சொந்தம். அத்துடன் அவர் முறை முடியும். இடையில் ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது பசு எனப்படும். அக்குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வார்.

இதில் கணக்கு மறைந்திருக்கிறது. முதல் சுற்றின் முடிவில் 27 காய் வைத்திருக்கும் குழந்தை, குழிக்கு ஐந்தாக நிரப்பினால் ஐந்து குழி நிரம்பி இரண்டு காய் மிஞ்சும். எதிராளியிடம் 43 இருக்கும். அவருக்கு ஏழு குழியும் நிரம்பி எட்டுக் காய் கையில் நிற்கும். வகுத்தலையும் மீதியையும் கரும்பலகையில் காண்பதற்கு முன்பே குழந்தை அவற்றைத் தோல்வியாகவும் வெற்றியாகவும் உணர்ந்துவிடுகிறது.

ஆடுபுலி ஆட்டத்தில் 23 சந்திகள் கொண்ட முக்கோணக் கட்டம், மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடுகளால் வெட்ட முடியாது. புலி நகர இடமின்றி அடைத்துவிடத்தான் முடியும். தனித்து நிற்கும் ஆடு வெட்டுப்படும். பின்னால் இன்னோர் ஆடு துணை நின்றால் தப்பும். பழைய கோயில் மண்டபத் தரைகளிலும் பாறைகளிலும் இக்கட்டங்கள் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். தாயத்துக்கு வாங்கிய கட்டை இல்லையென்றால், புளியங்கொட்டைகளின் ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி உருட்டுவர். கல்லாங்காய்க்கு வழவழப்பான ஐந்தோ ஏழோ கற்கள் போதும். மேலே எறிந்த கல் இறங்குவதற்குள் கீழே உள்ளவற்றை வாரி அதையும் பிடிக்க வேண்டும் என்பதால், கண்ணும் கையும் ஒத்துழைக்கும் பயிற்சி இதில் மிகுதி.

செய்து விளையாடுதல்

வாங்கிய பொம்மை உடைந்தால் குழந்தை அழும். தானே செய்தது உடைந்தால் திரும்பச் செய்யும். நுங்கு தின்றபின் எஞ்சும் இரண்டு கூடுகளை ஒரு குச்சியால் இணைத்து, கவைக்கொம்பால் தள்ளி ஓட்டும் நுங்கு வண்டி, முள்ளில் செருகிய பனையோலைக் காற்றாடி, பழைய சைக்கிள் டயரைக் குச்சியால் அடித்து ஓட்டும் வண்டி ஆகியவை இவ்வகையின. வண்டி ஓட்டும் பிள்ளை தானும் ஓடியாக வேண்டும் என்பதால் உடலியக்கமும் இதில் சேர்ந்தே வருகிறது.

இக்கருத்தை அறிவியல் கல்விக்குக் கொண்டுசென்றவர்களுள் அரவிந்த் குப்தா குறிப்பிடத்தக்கவர். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் படித்த பொறியாளரான இவர், மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் பங்குகொண்டார். பின்னர் குப்பையாக எறியப்படும் பொருட்களிலிருந்து நூற்றுக்கணக்கான பொம்மைகளை வடிவமைத்தார். 2018இல் இவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சைக்கிள் வால்வு ட்யூபின் சிறு துண்டுகளால் தீக்குச்சிகளை இணைப்பது இவருடைய பெயர்பெற்ற முறை. மூன்று குச்சிகளால் ஆன முக்கோணத்தை அழுத்தினால் வடிவம் மாறாது. நான்கு குச்சிகளால் ஆன சதுரம் சாய்ந்துவிடும். பாலங்களின் இரும்புச் சட்டங்களில் முக்கோணம் ஏன் இருக்கிறது என்பதற்கு இதைவிட மலிவான விளக்கம் இல்லை.

மேலைநாடுகளிலும் இதற்கு இணையான அனுபவம் உண்டு. டென்மார்க்கின் நிலத்தோற்றக் கலைஞர் சோரன்சன், தாம் வடிவமைத்த பூங்காக்களைவிடக் கட்டுமான இடங்களில் கிடக்கும் பலகை, செங்கல், பழைய சாமான்களோடு விளையாடவே சிறுவர்கள் விரும்புவதைக் கவனித்தார். அதன் விளைவாக 1943இல், நாடு ஜெர்மனியின் பிடியில் இருந்தபோதே, கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் கழிபொருள் விளையாட்டிடம் ஒன்று திறக்கப்பட்டது. ஊஞ்சலும் சறுக்குமரமும் ஒரு வேலையைத்தான் செய்யும். பலகையும் கயிறும் குழந்தை நினைத்ததை எல்லாம் செய்யும்.

விதிகளும் சண்டைகளும்

தெருவில் ஆடும் ஆட்டங்களுக்கு நடுவர் இல்லை. யார் முதலில் பிடிப்பது என்பதைச் சா பூ த்ரீ போட்டு முடிவு செய்வார்கள். ஏமாற்றுபவரை அழுகுணி ஆட்டம், போங்கு என்று எல்லோரும் கண்டிப்பார்கள். மிகவும் ஏமாற்றினால் ஆட்டம் கலைந்துவிடும் என்பதே தண்டனை. ஆட்டம் கலையக் கூடாது என்பதற்காகவே விட்டுக்கொடுக்கவும் பழகுகிறார்கள்.

வயதிலோ வலுவிலோ குறைந்த பிள்ளையை விலக்காமல் சேர்த்துக்கொள்ள ஒப்புக்குச் சப்பாணி என்ற ஏற்பாடு உண்டு. அக்குழந்தை எல்லோருடனும் ஓடும். ஆனால் பிடிபட்டாலும் ஆட்டம் இழக்காது. சொல் இனிமையானதன்று, மாற்றுத்திறனாளிகளைப் புண்படுத்தவும் கூடும். ஏற்பாடு மட்டும் அருமையானது. மூன்று வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக் காக்க வேண்டிய அக்காவும் இதனால்தான் ஆட்டத்துக்கு வர முடிந்தது.

பெரியவர்கள் புகுந்து விதியையும் வரிசையையும் ஒழுங்குபடுத்தத் தொடங்கினால் இவை மறைந்துவிடுகின்றன. பெரியவர் செய்யத்தக்கது ஓர் ஆட்டத்தை ஒருமுறை ஆடிக் காட்டிவிட்டு, கூப்பிடு தொலைவில் ஒதுங்கி நிற்பதே.

தடைகள்

விளையாட்டுக்கான பொருள் எங்கும் கிடைக்கிறது, இடம்தான் விலையேறிவிட்டது. தெரு வாகனங்களுக்கு உரியதாகிவிட்டது. காலி மனைகள் வேலியிடப்பட்டன. பள்ளி மைதானங்கள் மாலையில் பூட்டப்படுகின்றன. எஞ்சிய நேரத்தைத் தனிப்பயிற்சி வகுப்பு எடுத்துக்கொள்கிறது. ஆள் சேராவிட்டால் கிளித்தட்டு இல்லை. எனவே ஒரு வீட்டுப் பிள்ளையை மட்டும் வெளியே அனுப்பிப் பயனில்லை.

பெண் பிள்ளைகளுக்குத் தடை இன்னும் கூடுதல். பாண்டியும் கல்லாங்காயும் பெண்பிள்ளை ஆட்டங்கள் என்று பெயர் பெற்றவை. ஆனாலும் பத்துப் பன்னிரண்டு வயதுக்குமேல், குறிப்பாகப் பூப்பெய்தியபின், பல வீடுகளில் அவர்களைத் தெருவுக்கு விடுவதில்லை. தம்பி வெளியே போகும் நேரத்தில் அக்காவுக்குப் பாத்திரம் காத்திருக்கும். மேலே கூறிய 78க்கும் 85க்கும் இடையிலான இடைவெளிக்குப் பணம் காரணமன்று. மொட்டை மாடி, உள்முற்றம், மகளிர் சேர்ந்து கூடும் இடம் போன்றவற்றில் ஸ்கிப்பிங் கயிறு, பாண்டி, பந்து ஆகியவற்றுக்கு நாள்தோறும் ஒரு நேரத்தை ஒதுக்குவதும், வீட்டுவேலையை இருவருக்கும் பகிர்வதும் எளிய தொடக்கங்கள்.

விளையாட்டு சலுகை அன்று, சட்டப்படியான உரிமை. 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு ஓய்வுக்கும் விளையாட்டுக்குமான உரிமையைக் கூறுகிறது. இலங்கை 1991இலும் இந்தியா 1992இலும் இதனை ஏற்றன. 2009இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் தாய்மார் சிலர், பள்ளி விட்டபின் சில மணி நேரம் தங்கள் தெருவில் வாகனங்களை நிறுத்திவைத்துப் பிள்ளைகளை விளையாட விட்டனர்; இம்முறை பின்னர் அந்நாட்டின் பிற ஊர்களுக்கும் பரவியது. நம் ஊர்களில் திருவிழாவுக்கும் துக்கத்துக்கும் தெருவை அடைத்துப் பந்தல் போடுவது புதிதன்று என்பதை இங்கு நினைக்கலாம்.

நடைமுறை

கோடையில் காலை 7 முதல் 9 வரையும் மாலை 5க்குப் பிறகும் ஓடியாடும் ஆட்டங்களுக்கு ஏற்றவை. நண்பகலைப் பல்லாங்குழிக்கும் நுங்கு வண்டி செய்வதற்கும், அரசு நூலகத்தின் சிறுவர் பகுதிக்கும் விடலாம். நான்கைந்து வீட்டார் முறைவைத்து, நாளுக்கு ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் கூட்டாளியும் கிடைக்கும், காவலும் கிடைக்கும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மைதானத்தை மாலையில் ஒரு மணி நேரம் திறந்து வைக்குமாறு பெற்றோர் கேட்கலாம். பலரும் கேட்பதே இல்லை.

எச்சரிக்கைகள்

கிட்டிப்புள்ளின் புள் கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும்; ஆடுபவருக்கு முன்னால் சிறு குழந்தைகள் நிற்கக் கூடாது. கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சாக் கயிறு இருசக்கர வாகனத்தில் செல்பவர்களின் கழுத்தை அறுத்து உயிரிழப்பை ஏற்படுத்தியிருப்பதால், பட்டத்துக்குச் சாதாரணப் பருத்தி நூலே ஏற்றது. டயரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் மழைநீர் தேங்கினால் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும். ஆடி முடித்ததும் கவிழ்த்து வைக்க வேண்டும். கோலி, சோழி, புளியங்கொட்டை ஆகியவை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சுக்குழாயை அடைத்துவிடக் கூடியவை.

பல்லாங்குழிக்குச் சிலர் குன்றிமணியைப் பயன்படுத்துவதுண்டு. சிவப்பில் கறுப்புப் புள்ளி கொண்ட அவ்விதையில் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. முழுதாக விழுங்கினால் கடினமான தோல் அந்நஞ்சை வெளிவிடாமல் தடுக்கக்கூடும். மென்றால் உயிருக்கே ஆபத்து. எப்படி வாய்க்குள் போயிருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். முழுச் சிவப்பான மஞ்சாடி வேறு விதை. ஐயமிருந்தால் புளியங்கொட்டையே போதும்.